நாங்களே கூப்பிடுகிறோம்

அவளை வேலைக்கு எடுத்த அன்று முதலாளி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" படிப்பு பாதியில் நின்றுபோனது. கம்ப்யூட்டரும் அரைகுறை. பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் பயம். அதனால் உள்ளதைச் சொன்னாள். "எனக்கு நல்லாப் பயப்படத் தெரியும்."

முதலாளி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு மறுநாளே வரச் சொன்னார். அவள் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பது அந்த மனிதருக்கு இன்று வரை தெரியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகு அணைத்த அடுப்பையே கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். "உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தாப் போதும், எங்க கம்பெனிய இழுத்து மூடிட வேண்டியதுதான். ஒரு லிஃப்டும் கெட்டுப்போகாது" என்று கிண்டல் செய்வான். அவள் லிஃப்டில் ஏறவே மாட்டாள் என்பது வேறு விஷயம்.

ஆபீஸ் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டரை அறை, பதினோரு பேர். பள்ளிக்கூடம், மரச்சாமான் கடை, டிரைவிங் ஸ்கூல், ஆஸ்பத்திரி என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வெப்சைட் வேண்டுமென்றாலும் இங்கேதான் வருவார்கள். படியேறும்போதே புது மெத்தையின் வாசனை கூடவே ஏறி வரும். மத்தியானத்தில் பாதிப் பேருக்குத் தூக்கம் வருவதற்கு அந்த வாசனைதான் காரணம் என்று ஒரு கட்சி, முதலாளியின் பேச்சுதான் காரணம் என்று இன்னொரு கட்சி.

முதலில் போன் எடுக்கிற வேலை. பிறகு வாடிக்கையாளர்கள் எழுதித் தருவதைத் தட்டச்சு செய்து தளத்தில் ஏற்றுகிற வேலை. அதன்பிறகு அவளுடைய பயமே அவளுக்கு ஒரு வேலையைத் தேடிக் கொடுத்தது. ஒரு நாள் மின்சாரம் போய் யாரோ மூன்று வாரமாகச் செய்தது மொத்தமும் அழிந்துபோனபோது, ஆபீஸே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அவள் மெதுவாகத் தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன டிரைவை எடுத்து நீட்டினாள். தினமும் சாயங்காலம் எல்லோருடைய வேலையையும், யாரும் சொல்லாமலேயே, பயத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறாள்! அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'பேக்கப்'. வயதில் சின்னவர்களுக்கு 'பேக்கப் அக்கா'. வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. புத்தகம் படித்து ஆபீஸ் நடத்துகிறவர், அவ்வளவுதான். "இங்க யாரும் யாருக்கும் சார் இல்ல, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று ஒரு நாள் சட்டம் போட்டார். பெயர் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அன்று முதல் அவரை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவார்கள், அவராகத் திரும்பிப் பார்ப்பார்.

ஹால் சுவரில் அவர் ஆறு படிகள் வரைந்து வைத்திருந்தார். ஒவ்வொருவருடைய படமும் காந்தத்தில் ஒட்டி ஒரு படியில் இருக்கும். வளர வளர மேலே ஏற்றுவார். பேக்கப்பின் படம் ஆறு வருஷமாக இரண்டாம் படியிலேயே இருந்தது. அந்தப் படத்தில் அவளுக்கு ஒரு நரைகூட இல்லை.

படிக்குக் கீழே ஒரு சிவப்பு நாற்காலி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். அந்த வாரம் தப்பு செய்தவர் அதில் உட்கார்ந்து தப்பைச் சொல்ல வேண்டும், என்ன கற்றுக்கொண்டேன் என்று முடிக்க வேண்டும். யாரும் திட்டக் கூடாது, கைதட்டத்தான் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழைக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஆபீஸ் அது. வியாழக்கிழமையே ஆளுக்கொரு தப்பைத் தயார் செய்துகொள்வார்கள். "ரொம்ப நேரம் வேலை பார்த்துட்டேன், உடம்பைக் கவனிக்கல" என்று ஒருவன் சொல்வான். "வாடிக்கையாளர் கேட்டதைவிட அதிகமாச் செஞ்சு குடுத்துட்டேன்" என்பாள் இன்னொருத்தி. புரோகிராம் எழுதுகிற தாடிக்காரன் ஒரே தப்பை இரண்டு தடவை சொல்லி மாட்டிக்கொண்டான். பேக்கப்பும் இதற்கு விலக்கில்லை. ஒரு காற்புள்ளி, ஒரு தேதி, ஒரு படம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, இப்படித் தூசி தட்டி ஏதாவது ஒன்றை எடுத்து வருவாள். ஒன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் ஒரு நிஜத் தப்பு உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊரில் பெரிய கண் ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் கேட்டு எழுத ஒரு படிவம். எழுதி அனுப்பியதும் திரையில் 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பேக்கப்புக்கு என்னவோ போல இருந்தது. கண் தெரியவில்லை என்று பயந்து எழுதுகிறவரிடம் இப்படியா பேசுவது? பயந்தவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்! ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அழித்து அழித்து எழுதினாள்.

'நீங்கள் எழுதியது எங்களுக்குக் கிடைத்துவிட்டது. கவலைப்படாதீர்கள். நாங்களே கூப்பிடுகிறோம்.'

முதலாளி அதை வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். "பாருங்க, இதுதான் வளர்ச்சி. போன் எடுக்க வந்தவங்க!" என்றார். அவளுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்த வாரமே தனியாகக் கூப்பிட்டு, தளம் வெளியானதும் அவள்தான் பராமரிப்புக்குப் பொறுப்பாளர் என்றும், அவளுக்குக் கீழே இரண்டு பேர் என்றும் சொன்னார். தளம் வெளியாகி இரண்டாவது வெள்ளிக்கிழமை படம் மூன்றாம் படிக்கு ஏறும். ஆபீஸ் வெப்சைட்டில் வேலைக்கு ஆள் கேட்கிற பக்கத்தில் போடுவதற்காக அன்றைய கூட்டத்தை வீடியோ எடுக்கவும் ஏற்பாடு. அவள் புதுச் செருப்பு வாங்கினாள். வாங்கிவிட்டு, ஏன் வாங்கினோம், கண்பட்டுவிடுமோ என்று அதற்கும் பயந்தாள்.

தளம் ஒரு திங்கட்கிழமை வெளியானது. பத்து நாள் கழித்து வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், சைட் ரொம்ப அழகா இருக்கு. எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஒண்ணு, பழைய சைட்ல தினம் பத்துப் பேராவது எழுதுவாங்க. இதுல ஒருத்தர்கூட எழுதலையே. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

போனை வைத்த கையோடு அவள் அந்தப் படிவத்தைத் திறந்தாள்.

தளம் தயாராகிறபோது படிவத்தில் எழுதுவதெல்லாம் ஆபீஸின் சோதனைப் பெட்டி ஒன்றுக்கு வரும். வெளியாகிற அன்று அந்த மெயில் முகவரியை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியின் முகவரியைப் போட வேண்டும். அதற்கென்று முப்பத்தொரு வரியில் ஒரு பட்டியல் உண்டு. தயாரித்தவள் அவளே. பதினேழாவது வரி: படிவத்தில் ஒன்று எழுதி அனுப்பிப் பார், போய்ச் சேர்ந்ததா என்று பார். அவள் அனுப்பினாள். பார்த்தாள். வந்துவிட்டது. டிக் அடித்தாள். வந்தது பக்கத்தில் திறந்திருந்த சோதனைப் பெட்டிக்கு. அன்று முகவரி மாறவே இல்லை. வந்ததா என்று பார்த்தவள், எங்கே வந்தது என்று பார்க்கவில்லை. பிறகு அந்தப் பெட்டியை மூடிவிட்டாள். அதை வேறு யாரும் திறப்பதில்லை.

இப்போது திறந்தாள். நூற்று ஐம்பத்தேழு.

மவுஸைப் பிடித்திருந்த விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் அழுத்தியது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கண்ணாடி மாற்ற வேண்டும். குழந்தை கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்குப் புரை முற்றிவிட்டது என்கிறார்கள். இதெல்லாம் பரவாயில்லை, பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ஒன்றில் நின்றுவிட்டாள்.

'நீங்களே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். காத்திருக்கிறேன். திரை இப்போது பெரிதாகிவிட்டது.'

அதே போன் நம்பரைத் தேடிக் கீழே போனாள். முந்தின புதன்கிழமை எழுதியது. 'இடது கண்ணில் நேற்றிலிருந்து ஓரமாகத் திரை விழுந்தது போல இருக்கிறது. வலி இல்லை. எப்போது வரலாம்?'

திரை விழுந்தது போல இருந்தால் என்ன அர்த்தம் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தளத்தில் கண் நோய்கள் பக்கத்தைத் தட்டச்சு செய்ததே அவள்தான். விழித்திரை கழன்றுவிட்டால் அப்படித்தான் தெரியும், வலிக்காது, அன்றே வர வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது. 'அன்றே' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டதும் அவள்தான். புதனிலிருந்து வியாழன் வரை விரல் விட்டு எண்ணினாள். எட்டு நாள்.

தாடிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து, படபடவென்று தட்டி, ஒரு நிமிஷத்தில் முகவரியை மாற்றிவிட்டான். ஒரே ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.

"சரியாயிடுச்சுக்கா. இனிமே நேரா அங்க போயிடும்."

"இனிமே வர்றது சரி. வந்தது?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சர்வர் பிரச்சனைன்னு சொல்லிடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போவுது? அந்த டெஸ்ட் பாக்ஸை நானே காலி பண்ணிடறேன், நீங்க எழுந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க." அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். தன்னைக் காப்பாற்றவும்தான். அந்தச் சோதனை முகவரியை முதலில் போட்டவன் அவன்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அந்த டீ வேண்டும் போலத்தான் இருந்தது. அதை நினைத்து இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

முதலாளி அறைக்குப் போய் நின்று தொண்டையைச் செருமினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

அவர் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். 'என் கதவு எப்பவும் திறந்திருக்கும்' என்று எல்லோரிடமும் பெருமையடிப்பாரே, அந்தக் கதவு. ஒன்பது வருஷத்தில் அது சாத்தி அவள் பார்த்ததில்லை. கீல் கிறீச்சிட்டது.

"இங்க பாருங்க. இந்த ஆஸ்பத்திரிய நம்பித்தான் இந்த வருஷம் ஆபீஸே ஓடுது. அவங்க கேஸ்னு கிளம்பினா பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." மேஜையிலிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "லிஸ்டை நான் திங்கக்கிழமை பக்குவமா அனுப்பி வைக்கறேன். சர்வர் கோளாறுன்னு சொல்லிக்கலாம். நம்ம ஆபீஸ்ல யார் மேலயும் பழி போடறதில்ல, தெரியுமில்ல? அதனால யாரு, எப்படின்னே பேச வேணாம்."

"திங்கக்கிழமையா? அந்தத் திரைன்னு எழுதினவங்களுக்குக் கண்ணு..."

"நாம டாக்டர் இல்லம்மா. எட்டு நாளா யாராவது சும்மா உட்கார்ந்திருப்பாங்களா? இந்நேரம் வேற எங்கயாவது காட்டியிருப்பாங்க. நீங்க யாருக்கும் போன் மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி." பிறகு குரலைத் தணித்தார். "நாளைக்கு உங்க படம் மேல ஏறணும். ஆறு வருஷம் காத்திருந்தாச்சு. அதை மட்டும் நினைங்க."

வெளியே வந்தாள். எட்டு நாளா யாராவது சும்மா உட்கார்ந்திருப்பார்களா? நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் தாங்கியது. காத்திருக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறாரே, வேறு எங்கேயாவது போகிறவர் ஏன் எழுதப்போகிறார்?

போனை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். மெத்தைக் கடையின் பின்பக்கம், பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் அடுக்கிக் கிடக்கிற சந்து. நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கும் முன்னால் துண்டித்தாள். வேலை போய்விடும் என்று பயம். போகட்டும் என்று நினைத்தால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதன் பின்னால் நின்றது. எடுத்து என்ன சொல்வார்களோ! ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்? தெரியாமலே இருந்துவிட்டால் நல்லது போலிருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி துண்டித்தாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். வயதான பெண் குரல்.

"யாரு, கண் ஆஸ்பத்திரியா?"

அவள் வாய் திறப்பதற்குள் அந்தக் குரலே தொடர்ந்தது.

"அப்பாடா! கூப்பிட்டுட்டீங்களா! நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னு. பக்கத்து வீட்டுப் பொண்ணு வேற இடத்துல காட்டுங்கன்னு நச்சரிச்சா. இல்லம்மா, கவலைப்படாதீங்க, நாங்களே கூப்பிடறோம்னு போட்டிருக்காங்க, நாம அவசரப்பட்டா அவங்க தப்பா நினைப்பாங்கன்னு சொல்லிட்டேன்."

மெத்தை அடுக்கில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, இப்ப கண்ணு எப்படி இருக்கு?"

"இப்பவா? கீழ மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. மேல எல்லாம் கறுப்பு. நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு இல்லம்மா. இப்பவே. வீடு எங்கன்னு சொல்லுங்க, நானே வண்டியோட வரேன்."

ஆபீஸுக்குள் திரும்பிப் போய் நூற்று ஐம்பத்தேழையும் அச்செடுத்தாள். அச்சு இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளாகத் துப்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளியும் பார்த்தார். எழுந்து வரவில்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அன்றைக்கு நகல் எடுக்காமல் போனாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

அந்த அம்மா ஒரு ஸ்டேஷனரி கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். புடவையை அழகாக உடுத்தி, பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு உறையில் போட்டுத் தயாராக வாசலிலேயே நின்றார். வண்டியில் வரும் வழியெல்லாம் பேசினார். "உங்க ஆஸ்பத்திரியில வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறீங்களே, எந்த ஊர்ல நடக்கும்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இப்போது சொன்னால் பதறி வண்டியை நிறுத்தச் சொல்வாரோ என்று விழுங்கிவிட்டாள். அது காரணம்தான். ஆனால் அவள் விழுங்கியது பயத்தில்.

டாக்டர் பார்த்தார். மறுநாள் காலையே ஆபரேஷன் என்றார். பேக்கப்பைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மகளா?" என்றார். இல்லை என்றாள். "விழித்திரையை ஒட்டிடலாம். ஆனா நடுப்பகுதியே கழண்டுடுச்சு. பார்வை எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. மொதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா கதையே வேற" என்றார்.

அந்த வாக்கியத்தை அப்படியே கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்தாள், அச்செடுத்த தாள்களோடு. சர்வர் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. மேனேஜர் கத்தினார். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு தெரியுதா மேடம் உங்களுக்கு?" தெரியும் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு, ஒரு நாற்காலியையும் ஒரு போனையும் காட்டினார். "உட்காருங்க. நீங்களே ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்க. தேதி நாங்க தர்றோம்."

உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும்போது அவளுக்கு இன்னொரு திரை, இன்னொரு கறுப்பு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பாதிப் பேர் வேறு இடத்தில் காட்டிவிட்டிருந்தார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர், "நீங்க யாரு, எதுக்கு அழறீங்க?" என்று கேட்டார். தான் அழுவது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் கிண்டல் செய்யவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு நீ அந்தக் கூட்டத்துக்குப் போகாம இருந்துடலாமில்ல? ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு. போதுமே."

"போகலன்னா என் படத்தை மேல ஏத்திடுவாங்க."

"ஏத்தினா ஏத்தட்டுமே."

"ஏத்திட்டா, அப்புறம் நான் தினமும் அதுக்குக் கீழதானே உட்காரணும்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அன்று அதை நின்று பார்க்கவில்லை. பயப்பட வேறு இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணி. ஹாலில் கேமரா, விளக்கு, வாடகைக்கு வந்த ஒரு வீடியோக்காரர். முதலாளி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாலேயே கேட்டார். அவள் நேராகப் போய்ச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் ஒரு சக்கரம் எப்போதும் ஆடும். அவள் உட்கார்ந்ததும் கடகடவென்றது.

"போன வாரம் நான் ஒரு தப்பு பண்ணினேன்" என்று தொடங்கினாள். விஷயம் தெரியாதவர்கள் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு கைதட்டத் தயாராக இருந்தார்கள். பதினேழாவது வரியைச் சொன்னாள். சோதனைப் பெட்டியைச் சொன்னாள். நூற்று ஐம்பத்தேழைச் சொன்னாள். "நான் எழுதின வரிய நம்பி ஒரு அம்மா எட்டு நாள் காத்திருந்தாங்க. இன்னிக்குக் காலையில ஆபரேஷன் முடிஞ்சுது. அந்தக் கண்ணு இனிமே முன்ன மாதிரி தெரியாது" என்றாள். என்ன கற்றுக்கொண்டேன் என்று முடிக்க வேண்டும். அவளுக்கு எதுவும் வரவில்லை.

யாரும் கைதட்டவில்லை. தாடிக்காரன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேமராவை நிறுத்துப்பா" என்றார் முதலாளி. பிறகு, பழக்க தோஷத்தில், "அடுத்து யாரு?" என்றார். அடுத்து யாரும் இல்லை. தயார் செய்து வைத்திருந்த தப்புகளை எடுத்து நீட்ட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

கலைந்து போகும்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். கேமரா முன்னால் ஏற்றுவதற்காக அவளுடைய படத்தை முதலாளி முன்கூட்டியே எடுத்துவிட்டிருக்கிறார். இரண்டாம் படியிலும் அவள் இல்லை, மூன்றாம் படியிலும் இல்லை. அவருடைய சட்டைப் பையில் சதுரமாக ஏதோ துருத்திக்கொண்டு தெரிந்தது. "திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மேஜை இருக்குமா என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. படியிறங்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. தாடிக்காரன். 'அக்கா, ஃபார்ம் சரியா போகுது. நாலு தடவை பாத்துட்டேன். எங்க போகுதுன்னும் பாத்துட்டேன்.'

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷனில் கண்ணுக்குள் செலுத்திய காற்று விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அந்த அம்மா முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். கட்டிலோரம் உட்கார்ந்து, எதிரே மேஜையில் தலையணை போட்டு, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பின்னங்கழுத்தும் நரைத்த கொண்டையும் மட்டும்தான் தெரிந்தன.

"வந்துட்டீங்களா? காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுது. நீங்க மட்டும் கூப்பிடலன்னா..."

"அம்மா" என்றாள். முதலாளியிடம் சொல்லியாயிற்று, மேனேஜரிடம் சொல்லியாயிற்று, பத்துப் பேர் முன்னால் சொல்லியாயிற்று. ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. முகம் தெரிந்தாலாவது பார்த்துப் பார்த்துச் சொல்லலாம். கவிழ்ந்த தலையிடம் எப்படிச் சொல்வது? பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லம்மா. இந்த வெப்சைட் செஞ்ச இடத்துல வேலை பார்க்கிறேன். நீங்க எழுதினது இவங்களுக்கு வரவே இல்ல. என் தப்பால என் பெட்டியிலயே கிடந்துச்சு. பத்து நாளா நான் திறந்து பார்க்கல. நாங்களே கூப்பிடறோம்னு எழுதினதும் நான்தான்."

மேஜை மேலிருந்த அந்த அம்மாவின் கை மெதுவாக நகர்ந்து மடிக்குப் போனது. பேக்கப் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க" என்றது தலையணைக்குள்ளிருந்து வந்த குரல். "அதனாலதான் நம்பினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எழுந்து போவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மா கேட்டார். "என்னை மாதிரி எத்தனை பேரு?"

"நூத்தி ஐம்பத்தேழு மெசேஜ்மா."

"எல்லாரையும் கூப்பிட்டாச்சா?"

"இன்னும் முப்பத்தாறு பாக்கி."

"அப்ப இங்க உட்கார்ந்து என்ன பண்றீங்க?"

அவள் எழுந்தாள். மேனேஜர் அறை பூட்டியிருந்தது. வராந்தாவிலேயே சுவரோரம் நின்று, மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, அடுத்த நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. யாரும் எடுக்கவில்லை. அவள் துண்டிக்காமல் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.